என் கொழுந்தனார் தைத்த நான்கு திண்டுகள்

என் கொழுந்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி, யார் வீட்டுக்குப் போனாலும் சட்டென்று உட்கார மாட்டார். முதலில் நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்ப்பார். சோபாவாக இருந்தால் குனிந்து அடிப்பக்கத் தையலைப் பார்ப்பார். உட்கார்ந்த பிறகும் இப்படியும் அப்படியும் அசைந்துவிட்டு ஒரு "ம்" போடுவார். அந்த "ம்"மைக் கேட்டு முகம் சுருங்கிய வீட்டுக்காரர்கள் உண்டு.

"எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தப்போ என் மூஞ்சியையே பார்க்கல. நாற்காலியைத் தலைகீழாத் தூக்கிப் பார்த்துக்கிட்டிருந்தாரு" என்று அவர் மனைவி, என் ஓரகத்தி, இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

"நாற்காலி ஆடிச்சு. நீ ஆடாம நின்னே. ஆடினதைத்தானே பார்க்கணும்" என்பார் அவர்.

மெத்தை, திண்டு, இருக்கை தைப்பது அவர் தொழில். பஸ் இருக்கை, முடிவெட்டும் கடை நாற்காலி, பல் டாக்டர் நாற்காலி எல்லாம் தைத்திருக்கிறார். தைத்து முடித்ததும் தானே ஏறி உட்காருவார், அழுத்துவார், எழுந்து நின்று குழியைப் பார்ப்பார். குழி மேலே எழும்பி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்தச் சோதனையில் தேறாத இருக்கையை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. கொடுத்த இருக்கை திரும்பி வந்ததும் இல்லை.

நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தது, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் நாற்காலிகளுக்கு உறை மாற்ற. ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் அவர் கைவேலையைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் மேஜையின் கிழிந்த மெத்தையைக் கொண்டுவந்து காட்டினார். அதைத் தைத்துக் கொடுத்தார். பிறகு இன்னொன்று வந்தது. கடைசியில் அவரையே தியேட்டரில் உதவி ஆளாக வைத்துக்கொண்டார்கள். நோயாளியை மேஜையில் சரியாகப் படுக்கவைத்து, எலும்பு உறுத்துகிற இடங்களில் அணை கொடுப்பது அவர் வேலை. அங்கே அவருக்கு 'மெத்தை' என்றே பெயர். பெரிய டாக்டர்கூட "மெத்தை எங்கப்பா?" என்றுதான் கேட்பார்.

எனக்குத் துணி அறையில் வேலை. தியேட்டருக்குப் போகிற துணிகளை மடித்துக் கட்டி அனுப்புகிறவள் நான். உள்ளே நடந்ததை அவரும் தியேட்டர் சிஸ்டரும் சொன்னபடியே எழுதுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்வார்கள். வளருகிற வயதில் சில பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, முதுகெலும்பு பாம்பு மாதிரி நெளிந்துவிடும். ஒரு தோள் ஏறும், ஒரு இடுப்பு இறங்கும். முதுகை நீளத் திறந்து, எலும்புகளில் திருகு ஆணிகள் பொருத்தி, இரண்டு பக்கமும் கம்பி வைத்து நிமிர்த்த வேண்டும். காலையில் ஆரம்பித்தால் மதியம் தாண்டும். எலும்பிலிருந்து ஈரத் துணி மாதிரி ரத்தம் கசியும், அதைத் தையல் போட்டு நிறுத்த முடியாது என்று சிஸ்டர் சொன்னார். ஆகவே அங்கே பாதி யோசனை ரத்தத்தைப் பற்றித்தான். பல வாரம் முன்பிருந்தே பிள்ளைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து ரத்தத்தைக் கூட்டுவார்கள். அன்றைக்கு, உறைந்த ரத்தம் கரையாமல் இருக்க மருந்து ஏற்றுவார்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது என்று சூடான காற்றுப் போர்வை போடுவார்கள். சிந்துகிற ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அந்தப் பிள்ளைக்கே திரும்ப ஏற்ற ஓர் இயந்திரம் உண்டு. துடைத்த துணிகளைத் தராசில் போட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, எவ்வளவு போயிற்று என்று பார்ப்பார்கள். தராசில் போட்டு உரக்கச் சொல்வதும் என் கொழுந்தனாரின் வேலைதான்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. பிள்ளையைக் குப்புறப் படுக்கவைக்க, மேஜை மேல் நிறுத்துகிற ஒரு சட்டம். அதில் நான்கு திண்டுகள். இரண்டு நெஞ்சுக்கு, இரண்டு இடுப்பு எலும்புக்கு. வயிறு நடுவில் எதிலும் படாமல் தொங்க வேண்டும்.

"வயிறு அழுந்தினா உள்ள இருக்கற ரத்தம் எங்க போகும்? முதுகுப் பக்கத்து ரத்த நரம்புல போய் நிக்கும். தண்ணிக் குழாயை ஒரு பக்கம் மிதிச்சா இன்னொரு பக்கம் பீச்சுது பாருங்க, அது மாதிரி" என்று சிஸ்டர் அவருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். அதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. வயிற்றுக்கு அடியில் கை விட்டுப் பார்க்காமல் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்.

அந்தத் திண்டுகள் கெட்டியானவை. மெலிந்த பிள்ளை ஒன்று ஆபரேஷன் முடிந்து வந்தபோது, இடுப்பில் இரண்டு பக்கமும் தோல் உரிந்து கன்றிப்போயிருந்ததை அவர் வார்டில் பார்த்துவிட்டார். முதுகு வலியைவிட அந்தப் புண்ணுக்குத்தான் பிள்ளை அதிகம் அழுதது. அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"கல்லு மேல படுக்க வைக்கிற மாதிரி படுக்க வைக்கிறோம் அண்ணி" என்றார் என்னிடம்.

"டாக்டருங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

"அவங்களுக்கு முதுகு தெரியும். திண்டு எனக்குத் தெரியும்."

கொஞ்ச நாளில் திண்டுகளின் உறை வெடிக்க ஆரம்பித்தது. உறையை மாற்றித் தைக்கச் சொல்லி சிஸ்டர் கொடுத்தார். அவர் உறையை மாற்றினார். யாரையும் கேட்காமல் உள்ளே இருந்த ஸ்பாஞ்சையும் மாற்றினார், முன்பைவிட மெத்தென்று இருப்பதாக. தைத்து முடித்து ஏறி உட்கார்ந்தார், அழுத்தினார், எழுந்தார். குழி அழகாக எழும்பி வந்தது. சிஸ்டரும் கையால் அமுக்கிப் பார்த்து, "நல்லாத்தான் தச்சிருக்கீங்க மெத்தை" என்றார்.

அந்தத் திண்டுகளில் முதலில் படுக்க வந்தவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பெண். நன்றாக வாய் பேசுகிற பிள்ளை. தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டே தியேட்டர் வாசலில் என் கொழுந்தனாரிடம் விசாரித்தாள்.

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. உன்னைப் படுக்க வைக்கிறவன்."

"எனக்கே படுக்கத் தெரியுமே."

"அங்க குப்புறப் படுக்கணும். அதுவும் நீ தூங்கின பிறகு."

"உறுத்துமா?"

"உறுத்தாது. நானே தச்சிருக்கேன்."

அவள் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். அந்தப் பிள்ளையின் ரத்த வகை எளிதில் கிடைக்காதது. எங்கெங்கோ அலைந்து இரண்டு பைதான் சேர்க்க முடிந்தது. பெரிய டாக்டர் அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அந்த இரண்டு பைக்குள் முடிந்தால் முழுசாக முடிப்போம். அதற்கு மேல் போகும் போலிருந்தால் பாதியில் மூடிவிட்டு, உடம்பு தேறிய பிறகு இன்னொரு தரம் திறப்போம். இன்னொரு தரம் என்றால் முதலிலிருந்து எல்லாம். அந்த அம்மா மாதக்கணக்கில் மகளுக்கு மாத்திரை கொடுத்து, கீரையும் பருப்பும் ஊட்டி, ரத்தத்தைக் கூட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். தள்ளுவண்டி உள்ளே போனபோது அவர் அழவில்லை. "பார்த்துச் செய்யுங்க" என்று மட்டும் என் கொழுந்தனாரிடம் சொன்னார், அவர்தான் கடைசியாக உள்ளே போனவர் என்பதால்.

பிள்ளையை மயக்கி, சட்டத்தில் திருப்பிப் படுக்கவைத்தார்கள். என் கொழுந்தனார் பிள்ளையின் வயிற்றுக்கு அடியில் கை விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போயிற்று. மயக்க டாக்டர் அம்மாவும் கை விட்டுப் பார்த்தார். துணி விரித்து மூடினார்கள்.

முதல் பாதி நன்றாகவே போனது. அதன் பிறகு தராசு ஏற ஆரம்பித்தது. துணிகள் சீக்கிரம் நனைந்து வந்தன. ரத்தம் கறுத்த சிவப்பாக, பீச்சாமல், ஊறி ஊறி வந்தது. இயந்திரத்தின் ஜாடி நிறைந்தது. கழுவி ஏற்றினார்கள். மறுபடி நிறைந்தது. மயக்க டாக்டர் மருந்தைச் சரிபார்த்தார், ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், உடம்புச் சூட்டைப் பார்த்தார். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மூச்சு இயந்திரம் மட்டும் காற்றைத் தள்ளக் கொஞ்சம் கூடுதலாகச் சிரமப்பட்டது. சளியாக இருக்குமோ என்று குழாயை உறிஞ்சிப் பார்த்தார். சளி இல்லை. முதல் பை ஏறியது.

"இப்படியே போனா ஒரு பக்கக் கம்பியோட மூட வேண்டியதுதான்" என்றார் பெரிய டாக்டர், யாரையும் பார்க்காமல்.

ரத்தப் பையைச் சூடு செய்கிற குழாயைப் பிடித்துக்கொள்ள என் கொழுந்தனார் பிள்ளையின் தலைப்பக்கம் போனார். அங்கே துணிக்கு அடியில் நெஞ்சுத் திண்டின் ஓரம் தெரியும். அவர் தைத்த தையல் கோடு திண்டின் நடு உயரத்தில் ஓட வேண்டும். அது சட்டத்தின் இரும்பு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

திண்டு இறங்கிவிட்டது.

நாற்காலியில் உட்காருகிறவன் சும்மா இருப்பதில்லை. கால் மாற்றுவான், சாய்வான், எழுந்து தண்ணீர் குடிப்பான். அந்த நேரத்தில் ஸ்பாஞ்சு மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்துவிடும். அவர் வாழ்நாள் முழுக்கத் தைத்ததெல்லாம் அசைகிறவர்களுக்கு. மயக்கத்தில் கிடக்கிற பிள்ளை ஒரு விரல்கூட அசைக்காது. அது கிடக்கக் கிடக்க, மெத்தென்ற அந்த ஸ்பாஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே போய், தொங்க வேண்டிய வயிறு கீழே மேஜை மெத்தையில் வந்து படிந்துவிட்டது. துணி மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் உடனே அவர் சொல்லவில்லை. தராசுக்குத் திரும்பிப் போனார். அடுத்த ஈரத் துணிகளைப் போட்டு எடையைச் சொன்னார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்றார் என்னிடம். இன்னும் ஒரு முறை துணி வந்தது. அதையும் எடை போட்டார். அதற்குப் பிறகுதான் மயக்க டாக்டரிடம் போய் நின்றார்.

"அம்மா, ஒரு வார்த்தை."

"சீக்கிரம் சொல்லுங்க மெத்தை."

"ஸ்பாஞ்சு இறங்கிடுச்சும்மா. வயிறு கீழ முட்டுதுன்னு நினைக்கிறேன்."

மயக்க டாக்டர் ஒன்றும் கேட்காமல் துணிக்கு அடியில் கையை விட்டார். கை போகவில்லை.

"அங்க என்ன பேச்சு?" என்றார் பெரிய டாக்டர்.

"வயிறு மெத்தையில படிஞ்சிருக்கு சார். அதான் கசியுது. மூச்சு ஏன் இறுகுதுன்னு இப்பத்தான் புரியுது."

"தூக்க முடியாது. இந்த நிலையில தூக்கவே முடியாது."

"தூக்க வேண்டாம்" என்றார் மயக்க டாக்டர். "மெத்தை, கீழ நடுத்துண்டை உருவ முடியுமா?"

அந்த மேஜையின் மெத்தை மூன்று துண்டாக இருக்கும். சட்டத்தின் கால்கள் மேஜையின் ஓரக் கம்பிகளில் நின்றன. நடுத்துண்டின் மேல் இறங்கிவந்த அந்த வயிறு மட்டும்தான் இருந்தது. பெரிய டாக்டர் முதுகில் துணி அடைத்து, மேலே இன்னொரு துணியால் மூடி, கையை எடுத்துக்கொண்டு நின்றார். என் கொழுந்தனார் தரையில் மண்டியிட்டு, துணிக்கு அடியில் புகுந்து, மெத்தையை மேஜையோடு பிடிக்கிற பட்டையைச் சத்தமில்லாமல் பிரித்தார். ஒரு கையைப் பிள்ளையின் வயிற்றுக்கும் மெத்தைக்கும் நடுவே தட்டையாக நுழைத்து, மறு கையால் மெத்தையை அங்குலம் அங்குலமாக இழுத்தார். மேலே பிள்ளையின் தலையை மயக்க டாக்டர் பிடித்துக்கொண்டார். ஆண்டவனைக் கூப்பிடக்கூட அப்போது ஞாபகம் வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார் என் கொழுந்தனார். அவருக்காகக் கூப்பிட ஆள் இருக்கிறது என்றேன்.

மெத்தை வெளியே வந்தது. வயிறு மறுபடி தொங்கியது. மூச்சு இயந்திரம் இளகியது. அடைத்த துணிகளை எடுத்தபோது கசிவு நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்திருந்தது. பெரிய டாக்டர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு பக்கமும் போடலாம்" என்றார். போட்டார்கள். இரண்டாவது பையும் ஏறியது. மூன்றாவது கிடையாது. அது தேவைப்படாமலே தையல் போட்டு முடித்தார்கள்.

பிள்ளையை வெளியே கொண்டுபோன பிறகு பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இதை யாரு மாத்தினது?"

"நான்தான் சார் தைக்கச் சொன்னேன்" என்றார் சிஸ்டர்.

"சிஸ்டர் சொன்னது உறையை மாத்தத்தான் சார். உள்ள மாத்தினது நான்" என்றார் என் கொழுந்தனார். "அவங்களுக்குத் தெரியாது."

"எதுக்கு மாத்துனீங்க?"

"பிள்ளைங்களுக்கு உறுத்துதுன்னு."

பெரிய டாக்டர் கழற்றிய கையுறையைத் தொட்டியில் போட்டார். மேலிடத்தில் முடிவு செய்கிற வரைக்கும் தியேட்டருக்குள் வர வேண்டாம் என்றார். அவரைத் துணி அறையில் என்னோடு உட்கார வைத்தார்கள். அந்த நான்கு திண்டுகளையும் சிஸ்டர் கிழித்துக் குப்பையில் போட்டார்.

என் கொழுந்தனார் துணி மடிக்கத் தெரியாதவர். மூலைக்கு மூலை சேராது. நான் பிரித்து மறுபடி மடிப்பேன்.

"இதுலயும் கோட்டை விட்டுட்டேனா அண்ணி?"

"இதுல விட்டா ரத்தம் போகாது. பேசாம மடிங்க" என்றேன். அவர் கொஞ்சம் சிரித்தார்.

பெரிய டாக்டர் பெற்றோரிடம் நடந்ததை மறைக்கவில்லை. திண்டு இறங்கியதால் ரத்தம் அதிகம் போயிற்று, தைத்தவர் சொன்னதால் தெரிந்தது என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்த அம்மா துணி அறைக்கு வந்தார். நான் எழுந்து நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"நீங்கதானா?" என்றார்.

"ஆமாம்மா."

"அவ அப்பா கீழ நிக்கறாரு. மேல வந்தா கைநீட்டிடுவேன்னு பயந்துக்கிட்டு என்னை அனுப்பினாரு."

என் கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரிஞ்சதும் சொன்னீங்களாம். டாக்டர் சொன்னாரு."

இதற்குத் தலையாட்டிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். அவர் ஆட்டவில்லை.

"தெரிஞ்சதும் சொல்லலம்மா. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொன்னேன்."

"ஏன்?"

"பயந்துட்டேன்."

"அந்தக் கொஞ்ச நேரத்துல எவ்வளவு போச்சு?"

"ரெண்டு தரம் துணி எடை போட்டேன். ஒரு டம்ளருக்குக் கிட்ட இருக்கும்."

எத்தனை நாள் மாத்திரை கொடுத்தால் ஒரு டம்ளர் ரத்தம் ஊறும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"அவகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டார், என்னைப் பார்த்து. நான் என் கொழுந்தனாரைப் பார்த்தேன்.

"சொல்லணும்மா" என்றார் என் கொழுந்தனார். "முதுகு அவளோடது."

"அப்ப நீங்களே வந்து சொல்லுங்க."

வார்டுக்குக் கொண்டுபோக வேண்டிய படுக்கை விரிப்புகள் என்னிடம் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கைகால் எல்லாம் அசைத்துக் காட்டியிருந்தாள் என்று நர்ஸ் சொன்னாள்.

என் கொழுந்தனார் கட்டில் பக்கத்தில் போய், குனிந்து, அவள் முகத்துக்கு நேராக நின்றார். உறுத்தக் கூடாது என்று திண்டை ரொம்ப மெத்தென்று தைத்துவிட்டதையும், அது அமுங்கிப்போனதையும், அதனால் ரத்தம் அதிகம் போனதையும், தான் சொல்லத் தயங்கியதையும் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். அவள் பாதித் தூக்கத்தில் கேட்டாள்.

"ரெண்டு கம்பியும் வச்சாச்சா?" என்றாள்.

"வச்சாச்சு."

"மறுபடி திறக்க வேண்டாமா?"

"வேண்டாம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம். "இடுப்புல உறுத்தல்தான் இல்ல" என்றாள் கண்ணைத் திறக்காமல். பிறகு, "இந்தப் பக்கம் வலிக்குது. திருப்பி விடுங்க" என்றாள்.

முதுகில் கம்பி வைத்த பிள்ளையை ஒருவர் திருப்ப முடியாது. தோளும் இடுப்பும் காலும் ஒரே நேரத்தில், கட்டை உருளுகிற மாதிரி, சேர்ந்து உருள வேண்டும். நர்ஸ் தோள் பக்கம் போனாள். அந்த அம்மா கால் பக்கம் போனார். இடுப்புப் பக்கம் ஆள் இல்லை. நர்ஸ் வாசலைப் பார்த்தாள், யாராவது வருகிறார்களா என்று. வார்டு ஆள் எங்கேயோ போயிருந்தான்.

அந்த அம்மா என் கொழுந்தனாரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"நடுவுல பிடிங்க" என்றார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய், விரிப்பின் ஓரத்தை இரண்டு கையிலும் சுருட்டிப் பிடித்தார். நர்ஸ் மூன்று எண்ணினாள். மூவரும் சேர்ந்து திருப்பினார்கள். பிள்ளை ஒரு சத்தமும் போடாமல் மறுபக்கம் வந்து படுத்தாள். நான் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.